பின்பக்கமாக வந்த போட்டு

எங்கள் கடைக் கம்ப்யூட்டரை நான் வாங்கும்போதே அது இன்னொரு இடத்தில் உழைத்து ஓய்ந்திருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் வேலை பார்த்த ஓர் ஆபீஸை மூடியபோது, மேஜை நாற்காலியோடு சேர்த்துத் தள்ளிவிட்ட பெட்டி அது. ஆன் பட்டனை அழுத்திவிட்டு, வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தால் அப்போதுதான் எழுந்திருக்கும். அதில் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. திருவொற்றியூரில் மார்க்கெட்டுக்குப் போகிற சந்தில், ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் லேமினேஷனும் பண்ணுகிற எட்டடிக் கடைக்கு அது போதும். அதன் வேகமும் என் வேகமும் ஒத்துப்போயின.

கெடுத்தது என் வீட்டுக்காரர்.

அவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போட்டில் எஞ்சினைக் கவனிப்பது அவர் வேலை. போன ஐப்பசியில் ஒரு நாள், பொழுது விடிகிற நேரத்தில், நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டார். போட்டின் பின்பக்கம் நின்று, கயிறு கட்டிய பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் மொண்டிருக்கிறார். போட்டு ஒரு குலுக்குக் குலுக்க, கேனும் அவருமாகக் கடலுக்குள் போய்விட்டார்கள். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லோருக்கும் டீ ஊற்றியபோது ஒரு கிளாஸ் மிஞ்சியிருக்கிறது. உடனே போட்டைத் திருப்பிக்கொண்டு வந்து தேடித் தூக்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதையும் சொன்னவர் போட்டு டிரைவர் அண்ணன். போட்டை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால், "இன்னா இப்போ, வந்துட்டேன்ல" என்பார்.

தூக்கும்போது அவருடைய தோள்பட்டை இழுத்துக்கொண்டது. ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். ஆறு வாரம் ஆறு மாதமானது. பொங்கலுக்கு முன்பே டாக்டர், "நல்லாயிடுச்சு, வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். இவருக்கு மட்டும் இன்னும் இழுத்தது. அதே கையால் சிலிண்டரைத் தூக்கி அடுப்படியில் வைப்பார். அதே தோளில் தண்ணீர் கேனைச் சுமந்து மாடி ஏறுவார். டிரைவர் அண்ணன் வந்து, "இன்னா மச்சான், வரியா?" என்று கேட்டால் மட்டும் தோள் இழுக்கும்.

பயம் என்று எனக்குப் புரிந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, காற்று அடித்தால் திடுக்கிடாமல் இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமும் பட்டேன். கடலுக்குப் போகாத மனுஷன் பாதி உடம்போடு வீட்டில் உலாத்துவதை நான்தானே தினமும் பார்க்கிறேன். போகச் சொல்ல மனசு வரவில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

சித்திரை பிறந்ததும் தடைக்காலம் வந்தது. மீன் முட்டையிடுகிற பருவம் என்று அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஊரே கரையில் உட்கார்ந்திருந்ததால் இவர் உட்கார்ந்திருப்பதை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. தோள் இழுப்பது சட்டென்று நின்றது. ஆனால் டிரைவர் அண்ணன் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தடை முடிவதற்குள் வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். வரவில்லை என்றால் எஞ்சினுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார். அந்தப் பதிலைச் சொல்லாமல் நாளைக் கடத்துவதற்கு என் வீட்டுக்காரர் ஓர் இடம் தேடினார். நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு நாள் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் மேல் கண் வைத்தார்.

"இன்னாமே உன் கம்ப்யூட்டர் செத்த மாதிரி கீது? ஒரு அசைவு இல்ல."

வெறும் நீலத் திரை, அதன் மேல் நான்கு வரிசை ஃபோல்டர்கள். வந்த நாளிலிருந்து அப்படித்தான். எனக்கு அது அசைய வேண்டும் என்று தோன்றியதேயில்லை. அசையாமல் இருந்தால் வேலை செய்யும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

அவர் போனில் எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, ஓசியில் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேரை இறக்கினார். அதில் எந்த வீடியோவைக் கொடுத்தாலும் வால்பேப்பராக ஓடும். ஃபோல்டர்கள் மேலே இருக்க, அடியில் படம் அசைந்துகொண்டேயிருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் நீலத் திரை மீன்தொட்டியாகியிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட மீன்கள், கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி சும்மா குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. ஆதார் என்ற ஃபோல்டருக்குப் பின்னால் நுழைந்து சாதிச் சான்றிதழ் என்ற ஃபோல்டருக்குப் பக்கத்தில் வெளியே வந்தன.

அவருடைய தோஸ்துகள் வந்து பார்த்தார்கள். வலை பின்னுகிற வேலையும் போட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையும் முடிந்து, டீ குடிக்கிற சாக்கில் எங்கள் சந்துக்கு வருகிறவர்கள். "அல்லாம் சோக்கா கீது மாமு. ஆனா கொழம்புக்கு ஆவுற மாதிரி ஒண்ணு இல்லியே" என்றார் ஒருத்தர். மறுநாள் மீன்தொட்டி போய் அருவி வந்தது. அதற்கடுத்து, ஜன்னல் கண்ணாடியில் மழை பெய்கிற வீடியோ. அதைச் சத்தத்தோடு வைத்திருந்தார். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்த ஓர் அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மழைச் சத்தம் கேட்டதும், மாடியில் மிளகாய் காயப்போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார். வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னைத் திட்டினார். சத்தத்தை அணைக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பழைய பெட்டிக்கு இதெல்லாம் தாங்குமா? வால்பேப்பர் ஓட ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற ஃபேன், மணலி ரோட்டில் மேடு ஏறுகிற டேங்கர் லாரி மாதிரி உறுமும். பிரிண்ட் கொடுத்தால் வட்டம் சுற்றும். நானும் வாடிக்கையாளரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். பின்னால் அருவி மட்டும் ஜோராகக் கொட்டும்.

"யோவ், இத்த எடுத்துடுயா. ஜனம் நின்னுகினு கீது."

"இரும்மே. சூடாவுது. அதான்."

எஞ்சின் ஆள் இல்லையா, சூடு என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காதை வைத்து ஃபேன் சத்தத்தைக் கேட்பார். பக்கத் தகட்டைக் கழற்றி, சைக்கிள் கடையிலிருந்து காற்றுக் குழாயைக் கடன் வாங்கி வந்து ஊதினார். கண்டெய்னர் ஆபீஸ் காலத்துத் தூசி முழுவதும் என் லேமினேஷன் கவர்கள் மேல் படிந்தது. வீட்டிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக வைத்தார். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எனக்கு விசிறி இல்லை, கம்ப்யூட்டருக்கு இருந்தது. அப்புறம் வீடியோவின் அளவைக் குறைத்தார். வினாடிக்கு முப்பது படம் ஓடுவதைப் பதினைந்தாக்கினார். தானாக எழுந்து வருகிற தேவையில்லாத சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பெட்டி முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரமே எழுந்திருக்க ஆரம்பித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு நல்ல குணம் உண்டு. நாம் ஏதாவது ஒரு ஜன்னலைத் திரை முழுக்கப் பெரிதாக்கினால், அடியில் ஓடுகிற வீடியோ தானாக நின்று பெட்டிக்கு ஓய்வு கொடுக்கும். அதுவே எனக்குத் தொல்லையானது. நான் விண்ணப்பத்தைப் பெரிதாக்குவேன். அவர் பக்கத்து ஸ்டூலிலிருந்து, "கொஞ்சம் ஓரமா வெச்சு டைப் பண்ணேன்மே" என்பார். பாதித் திரையில் யாருடைய வாரிசுச் சான்றிதழோ, மீதிப் பாதியில் அருவி. இப்படி ஒரு மாதம் குடும்பம் நடத்தினோம்.

அப்புறம்தான் கடல் வந்தது.

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் கடல். எங்கோ ஒரு கரையில் நின்று எடுத்த வீடியோ. அடியில் ஈர மணல், அதற்கப்பால் அலை, தூரத்தில் தண்ணீர் விளிம்பின் மேல் செக்கச்செவேலென்று சூரியன். நடுவில் ஒரு போட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரியனை நோக்கிப் போகிறது. போகப் போகச் சின்னதாகிறது. இருபது வினாடி கழித்து வீடியோ சட்டென்று முதலுக்குத் தாவும். போட்டு மறுபடியும் கரைக்குப் பக்கத்தில் இருக்கும். மறுபடியும் போக ஆரம்பிக்கும்.

மீன்தொட்டிக்கும் அருவிக்கும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டவர், இதற்குக் கேட்கவில்லை. கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாகக் கடற்கரைப் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காத மனுஷன், கடலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்காமல் ஊதுவத்தியை ஏற்றினேன்.

கடல் வந்ததும் கூட்டமும் வந்தது. மீன்தொட்டியைக் கேலி பண்ணியவர்கள் எல்லாம், கடல் என்றதும் அதிகாரிகள் மாதிரி நின்று சோதனை போட்டார்கள். "நல்லா வெளுத்தப்பறம் போட்டு எடுக்கறான் பாரு. நம்ம ஆளுங்க ரெண்டு மணிக்கே போயிருப்பாங்க" என்றார் டிரைவர் அண்ணன். அலை சின்னது என்றார் ஒருத்தர். போட்டில் ஆள் பத்தாது என்றார் இன்னொருத்தர். நான் பாதித் திரையில் ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு போராடிக்கொண்டிருந்தேன்.

அன்று டிரைவர் அண்ணன்தான் அதைக் கண்டுபிடித்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"மச்சான், சூரியன் இன்னா கீழ எறங்குது?"

எல்லோரும் குனிந்தார்கள். ஆமாம், இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வினாடியில் ஒரு விரற்கடை அளவு தண்ணீருக்குள் இறங்கி, முதலுக்குத் தாவி, மறுபடியும் இறங்கியது.

இந்த இடத்தில் எங்கள் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்களுக்குச் சூரியன் கடலிலிருந்து வரும், ரயில் லைன் பக்கம் போய் மறையும். நடுக்கடலில் இருக்கும்போது தண்ணீரில் மறைகிற சூரியனை இவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். ஆனால் இந்தப் படத்தில் காலடியில் மணல் இருந்தது. மணலில் நின்றுகொண்டு கடலுக்கு மேல் சூரியனைப் பார்த்தால், அது காலைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் காலை என்றுதான் நினைத்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் பழசு. ரிவர்ஸ்ல ஓடுது" என்று தீர்ப்புச் சொன்னார் டிரைவர் அண்ணன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, மெதுவா ஓடும்னு சொல்லு, ஒத்துக்கறேன். ரிவர்ஸ்லல்லாம் ஓடாது."

அப்போது பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சி, பில் புத்தகம் பிரிண்ட் எடுக்க வந்தவர், கூட்டத்துக்குள் மூக்கை நுழைத்தார். அவர் கன்னியாகுமரிப் பக்கம், மேற்குக் கடற்கரைக்காரர். இங்கே வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறாதவர்.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சி? இது சாயங்காலம்லா. பொழுது அடையுது. எங்க ஊர்ல தெனமும் கடலுக்குள்ளதான் அடையும்."

"அண்ணாச்சி, நீ பருப்ப பாரு நைனா. கடல எங்களாண்ட வுடு. கரைல நின்னா சூரியன் கடல்லேர்ந்து ஏறும். நாப்பது வருசமா பாக்கறேன்."

"உங்க ஊர்ல ஏறும் வேய். எங்க ஊர்ல எறங்கும். சூரியன் உங்க காசிமேட்டுக்கு மட்டும்தான் சொந்தமா?"

"டபாய்க்காத அண்ணாச்சி."

சந்தே அடைத்துக்கொண்டது. எல்லோருக்கும் டீ என்று பந்தயம் கட்டினார்கள். மதிப்பெண் பட்டியல் பெண் எப்போது தருவீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, அவளும் அண்ணாச்சி பக்கம் சேர்ந்துகொண்டாள். இத்தனை சத்தத்துக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"காலைதான். எனக்குத் தெரியும்."

அதை அவர் சொன்ன விதத்தில் கூட்டம் தானாகக் கலைந்தது. அண்ணாச்சிகூடத் தன் கடைக்குத் திரும்பினார். எனக்கு மட்டும் அது உறுத்தியது. யாரோ எங்கோ எடுத்த வீடியோ, காலையாக இருந்தால் என்ன, மாலையாக இருந்தால் என்ன? அதில் இந்த மனுஷனுக்கு என்ன அவ்வளவு நிச்சயம்?

மறுநாளும் அதே சண்டை தொடர்ந்தது. அதற்கு மறுநாளும். எனக்கு வேலை ஓடவில்லை. கல்யாண வீடியோக்களை வெட்டி ரீல்ஸ் பண்ணிக் கொடுப்பதற்காக என் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறேன். எந்த வீடியோவையும் பின்னோக்கி ஓட்டுகிற பட்டன் அதில் உண்டு. எரிச்சல் தாங்காமல் அந்தக் கடலை எடுத்துப் போனில் போட்டு, பட்டனை அழுத்தி, திருப்பிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

"இந்தாங்க. காலை வேணும்னீங்களே, காலை. டீய குடிச்சிட்டு எடத்த காலி பண்ணுங்க."

சூரியன் தண்ணீரிலிருந்து அழகாக ஏறியது. டிரைவர் அண்ணன் கையைத் தட்டினார். "பாத்தியா, இப்பதான் சிஸ்டம் நேரா ஓடுது." அண்ணாச்சி உற்றுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சூரியன்தான் சரியாக இருந்தது. மற்றது எல்லாம் தலைகீழ். கரையில் பரவிக் கிடந்த நுரை தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு கடலுக்குள் போனது. பறவைகள் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் போட்டு, தூரத்தில் சின்னப் புள்ளியாக இருந்து, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி வந்தது.

"இன்னா இது, ரிவர்ஸ் கியர் போட்டுகினு வரான்? லாரிய ஷெட்டுல உடற மாதிரி" என்று ஒருத்தர் சொல்ல, சந்து முழுக்கச் சிரித்தது. டிரைவர் அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்து இன்னும் பக்கத்தில் போட்டுக்கொண்டார். போட்டு வந்தது. முதலுக்குத் தாவியது. மறுபடியும் வந்தது. எல்லோரும் கிளம்பிப் போனபிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பந்தயம் முடிந்தது, பழையபடி மாற்றிவிடலாம் என்று நான் மவுஸைப் பிடித்தேன். என் கையின் மேல் கை வைத்தார்.

"இர்க்கட்டும்மே. அத்த மாத்தாத."

மாற்றவில்லை. பத்துப் பதினைந்து நாள், பின்பக்கமாக வருகிற அந்தப் போட்டோடு கடை நடத்தினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அதற்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்தேன்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. டிரைவர் அண்ணன் போட்டுக்குப் புது பெயின்ட் அடித்த கையோடு, முழங்கை வரை பச்சை ஒட்டியிருக்க, போட்டு லைசென்ஸை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பதில் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் ஒரு சாக்கு. நான் லேமினேஷன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"மாமு, அன்னிக்கு நீ எந்தப் பக்கமா வந்த?"

எந்த நாள் என்று டிரைவர் அண்ணன் கேட்கவில்லை. லைசென்ஸை மேஜை மேல் வைத்தார்.

"வடக்கால சுத்தி வந்தேன். நேரா வந்தா உன் மேல ஏத்திடுவேனோன்னு பயம். உன் தலயே தெரில. அந்த வெள்ள கேன்தான் தெரிஞ்சுது. சாமிய கும்புட்டுகினேதான் வீல திருப்புனேன் மச்சான். இத்த நான் ஆராண்டயும் சொல்லல."

"நீ வந்தத நான் பாக்கவேயில்ல" என்றார் இவர். "சூரியன் அப்பதான் ஏறிகினு இருந்துச்சு. நேரா கண்ணுல அடிச்சுது. போட்டு அது பக்கமா போச்சு. சின்னதா ஆயிகினே போச்சு. அத்ததான் பாத்தேன். அப்பால உங்க கைதான் தெரியும், என்ன தூக்குன கை. நடுவுல ஒண்ணும் இல்ல. அன்னிலேர்ந்து கண்ண மூடுனா அது போயிகினேதான் கீது மாமு. ஒரு நாள்கூட அது வரல."

திரையில் போட்டு வந்துகொண்டிருந்தது. அதை விரலால் காட்டினார்.

"இத்த பாத்தப்பறம்தான், வந்துச்சுல்ல, வந்துதான தூக்குனாங்கன்னு தோணுது."

டிரைவர் அண்ணன் பெயின்ட் கையை லுங்கியில் துடைக்கப் போனார். அப்புறம் அந்தப் பச்சைக் கையை அப்படியே இவர் தோளில், இழுக்கிற தோளிலேயே, வைத்தார். "நான் வராம எங்க மச்சான் போவேன்" என்றார். மெஷினுக்குள் நான் விட்டிருந்த யாருடைய அடையாள அட்டையோ கோணலாக மடங்கி வெளியே வந்தது. எனக்குக் கண் தெரியவில்லை.

அவருக்கு என்ன நிச்சயம் என்று அன்றுதான் புரிந்தது. கடலில் கிடந்தபடி அவர் பார்த்த காலை அது. ஏழெட்டு மாதம் அதையே தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் பயம் போய்விடும், பயம் போனால் அவர் கடலுக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இதுதான் நடந்தது.

பதில் சொல்லாமலே பதில் ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் கடைக்கு வரவில்லை. துறைமுகத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் டீசல் வாடை. எத்தனையோ வருஷம் திட்டிக்கொண்டே துவைத்த அந்த வாடை எனக்கு எட்டு மாதம் கழித்துப் பிடித்திருந்தது. அதற்கும் என் மேலேயே கோபப்பட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால், சாப்பாட்டுக் கூடையில் ஊறுகாய் பாட்டிலை வைத்துக்கொண்டே கேட்டேன். "தோளு இழுக்கலியா?"

"அது எப்பவோ சரியாயிடுச்சு" என்று சிரித்தார்.

"நீ போறது எனக்குப் புடிக்கல."

"தெரியும்மே." கூடையை வாங்கிக்கொண்டார். "நாலு நாள்ள வந்துடுவோம். பெட்டிக்கு டேபிள் ஃபேன போட்டு வையி. சத்தம் மாறுச்சுன்னா ஒடனே ஆஃப் பண்ணிடு."

அவர் போன மறுநாள் காலை கடையைத் திறந்தேன். ஆன் பட்டனை அழுத்திவிட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று சந்து முனை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். இரண்டு மாதமாக நான் காத்திருந்த நாள் இது. பெட்டி இனி எனக்கு மட்டும்தான் சொந்தம். முதல் வேலையாக அந்த சாஃப்ட்வேரை அழித்துவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

அழிக்கவா என்று பெட்டி கேட்டது. மவுஸை ஆமாம் என்ற பட்டன் மேல் வைத்தேன். ஓரத்தில் போட்டு, கண்ணுக்குத் தெரியாத புள்ளியாக இருந்து, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. பாதி தூரம் வந்திருந்தது. வேண்டாம் என்ற பட்டனை அழுத்தினேன்.

விண்ணப்பத்தைத் திறந்து ஓரமாக வைத்து டைப் பண்ண ஆரம்பித்தேன். பிரிண்ட் கொடுத்தேன். வட்டம் சுற்றியது. ஃபேன் உறுமியது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். விலைப் பட்டியல் பிரிண்டுக்காக அரை மணி நேரமாக நின்ற அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"எம்மா, அவர்தான் கடலுக்குப் போயிட்டாருல்லா. அந்தப் படத்த எடுத்துவிட்டா வேலை ஓடும்லா."

"போட்டு வரட்டும் அண்ணாச்சி. எடுத்துர்றேன்."

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூலையில் கிடந்த என் வீட்டுக்காரருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.